பிள்ளையின் காலை அளக்காமல் சைக்கிள் சேர்க்காதீர்கள்

ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு காலை. பாலர் பாடசாலை முற்றத்தில், ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகக் கொடுப்பதற்கு நான் கேட்டுச் சேர்த்த 19 பழைய சைக்கிள்கள் நின்றன. 19 பிள்ளைகள் குளித்து, தலை இழுத்து, தாய்மாரோடு வந்திருந்தார்கள். அவர்களில் 11 பேரால்தான் ஏறி ஓட முடிந்தது. மற்ற 8 பேருக்கும் கால் எட்டவில்லை. நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன் 26 அங்குலச் சக்கரச் சைக்கிளின் குறுக்குப் பாருக்கு மேலால் காலைப் போட மூன்று தரம் முயன்றுவிட்டு, "பரவாயில்லை அக்கா, நான் வளர்ந்திடுவன்" என்றான். நினைத்தால் இப்போதும் நெஞ்சு சுடுகிறது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் அந்த முகத்தைப் பார்க்க வேண்டி வரக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழக விடுமுறைக்குத் திருகோணமலை உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலைக்கு நின்றேன். சீசன் காலத்தில் வெள்ளைக்காரர் நிலாவெளி வரை சைக்கிள் வாடகைக்கு எடுத்துப் போவார்கள். கடற்கரை உப்புக்காற்றில் ஒரு சைக்கிள் இரண்டு மூன்று வருடத்தில் துருவேறி, கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். அதே வீதியில் பிள்ளைகள் வெயிலில் நடந்து பள்ளிக்கூடம் போவதைத் தினமும் பார்த்தேன். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் ஏறிய சைக்கிள் விலை ஏழை வீட்டுக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. முதலாளியிடம் கேட்டேன், உடனே 8 தந்தார். பக்கத்து விடுதிகளில் 6, டவுனில் தெரிந்த வீடுகளில் 5. சேர்ப்பது இவ்வளவு சுலபமாக இருந்ததுதான் என் கண்ணை மறைத்தது. பெரியவர்கள் ஓடிய சைக்கிள், பெரியவர்களின் அளவில்தானே வரும்! 13 சைக்கிள் 26 அங்குலம், 4 சைக்கிள் 24, இரண்டே இரண்டு 20.

அளவைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் போனதற்குக் காரணம் பெயர்ப்பட்டியல். யாருக்குக் கொடுப்பது என்று பள்ளிக்கூடத்தில் கேட்பதுதான் சரி, எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறது என்று ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஓகஸ்ட் விடுமுறை, பள்ளிக்கூடம் பூட்டு, அதிபர் வெளியூர். சரி என்று கிராம சேவகரிடம் போனேன். நல்ல மனிதர், அன்றைக்கே அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணக் காசு எடுக்கும் குடும்பங்களிலிருந்து ஒரு பட்டியல் எழுதித் தந்தார். "மேலிடத்தில் ஒரு கடிதம் எடுத்து வையுங்கோ பிள்ளை, பிறகு ஊருக்குள்ளே கதை வரும்" என்றார்.

அந்தக் கடிதத்துக்காகப் பிரதேச செயலகத்துக்கு நாலு தரம் அலைந்தேன். முதல் தரம் செவ்வாய்க்கிழமை. பொதுமக்கள் தினம் புதன், நாளைக்கு வா என்றார்கள். நாளைக்கு எனக்கு லீவு இல்லை. அடுத்த புதன் போனால், மேசையில் இருந்தவர் என் கடிதத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்கட அமைப்பின் பதிவு இலக்கம் எங்கே?" என்றார். அமைப்பு இல்லை, நான் ஒருத்திதான் என்றேன். "தனி ஆளுக்குக் கடிதம் தர ஏலாது." வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு, பக்கத்து மேசைக்காரரோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். மூன்றாம் தரம் அவர் வரவேயில்லை. வழி சொன்னது வாசலில் நின்ற ஒரு அம்மா: "மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைப் பிடி மகள், அவையளிட்டப் பதிவு இருக்கு." அன்று மாலையே சங்கத் தலைவி தன் கடிதத்தாளில் எழுதித் தந்தார். நாலாம் தரம் 15 நிமிடத்தில் கையெழுத்து. முதல் நாளே ஒரு வசனம் சொல்லியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். நீங்கள் சங்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

திருத்த வேலையை டவுனில் ஒரு சைக்கிள் பாஸ் (மெக்கானிக்) கூலி வாங்காமல் செய்தார். சாமானுக்கு 41,000 ரூபா, விடுதியில் வேலை செய்யும் எல்லோரும் போட்டோம். அவரிடம் படித்த ஒன்று: சைக்கிள் வாங்கும்போதே சீட்டைப் பதித்துப் பாருங்கள். கடற்கரைச் சைக்கிளில் சீட் பைப் உள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு வைத்தும் மூன்று அசையவில்லை. சீட் இறங்காத சைக்கிள் பிள்ளைக்கு உதவாது. வெள்ளைக்காரர் விட்டுப்போன சைக்கிள் என்றால் வால்வையும் பாருங்கள். மெல்லிய வால்வுக்கு நம்மூர்ப் பம்ப் பொருந்தாது. ஒன்றுக்கு ரியூப் மாற்ற வேண்டி வந்தது.

இன்னொன்று. ஒவ்வொரு சைக்கிளிலும் மிதி அச்சுக்குக் கீழே வெட்டியிருக்கும் இலக்கத்தைத் துருத் தேய்த்து எழுதி, தந்தவரிடம் கையெழுத்து வாங்கிவைத்தேன். பட்டா என்ற சின்ன லொறியில் ஏற்றிப் போகும்போது பொலிஸ் மறித்து, இவ்வளவு சைக்கிள் எங்கே போகிறது என்று கேட்டது. தாளை நீட்டினேன். ஒவ்வொன்றாய்ப் பார்த்துவிட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டித் தந்து அனுப்பினார்கள். அந்த ஒரு தாளை மட்டும் நான் சரியாகச் செய்திருந்தேன்.

அந்த ஞாயிறு மத்தியானமே தையல் அளவுநாடாவோடு 8 வீடும் போனேன். சுவரோடு நிற்கவைத்து, கவட்டிலிருந்து குதி வரை அளந்தேன். பாருக்கு மேலால் நின்றால் இரண்டு பாதமும் நிலத்தில் பதிய வேண்டும், பிறகும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். இந்த அளவை முதலில் எடுத்துத்தான் சைக்கிள் தேடியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போனதில் இன்னொன்றும் தெரிந்தது: பட்டியலில் இருந்த ஒரு பிள்ளையின் வீட்டுப் படலைக்கு எதிரே பள்ளிக்கூடம். இரண்டு ஒழுங்கை தள்ளி, தினமும் 4 கிலோமீற்றர் நடக்கும் பிள்ளையின் பெயர் இல்லை. வருமானத்தை வைத்து எழுதிய பட்டியலில் தூரம் இருக்காது. பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுப் பிள்ளையின் தாயிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கே குடுங்கோ" என்று அவரே சொன்னார்.

இரண்டு வீட்டில் பெரிய சைக்கிளையே வைத்துக்கொண்டார்கள், தம்பியை ஏற்றிப்போக அக்கா இருந்தாள். மிச்சம் 6 பெரிய சைக்கிளை, தந்தவர்களிடம் கேட்டுவிட்டு, பாஸ் மூலமாக 6 சின்னச் சைக்கிளுக்கு மாற்றினோம். 16 நாள் எடுத்தது. இந்த முறை முற்றத்தில் வரிசை வைக்கவில்லை, வீடு வீடாகக் கொண்டுபோனோம். வளர்ந்திடுவன் என்று சொன்னவனுக்கு 20 அங்குலம், சிவப்பு. ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றிக் காட்டிவிட்டு, பெல்லை அடித்துக்கொண்டே ஒழுங்கை முடியும்வரை போனான்.