ஏற்காட்டுச் சரிவில் ஒரு கல்தளம்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

காப்பி பறிப்பு முடிந்துவிட்டது, இனி கொஞ்ச நாளைக்கு ஆள் கிடைப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பேச ஒரு கல்தளம் போடுவதாக முடிவு. சுவரிலிருந்து 12 அடி, நீளவாக்கில் 15 அடி.

வீட்டில் நடக்கிற பேச்செல்லாம் மேலே என்ன கல் என்பதைப் பற்றித்தான். தங்கைக்குக் கடப்பா வேண்டும். அம்மாவுக்குச் சொரசொரப்பான கருங்கல் பலகை. “பாசி பிடிச்சா வழுக்கி விழப்போறது நான்தானே” என்கிறார். எனக்குக் கவலை எல்லாம் அடியில். அந்த 12 அடிக்குள் நிலம் இரண்டு அடி இறங்குகிறது. வீட்டோரம் வெட்ட வேண்டும், வெளியோரம் நிரப்ப வேண்டும். வெட்டிய இடம் அப்படியே நிற்கும், நிரப்பிய இடம் உட்காரும். இந்த மலையில் நான் பார்த்த விரிசல் விட்ட தளங்களில் பாதிக்கு மேல், அந்த இரண்டும் சேருகிற கோட்டில்தான் பிளந்திருக்கின்றன.

பிப்ரவரி 4, செவ்வாய்

மேஸ்திரி அண்ணன் டியூப் மட்டத்தோடு வந்தார். தளத்தின் மேல்மட்டம் வீட்டு பிளிந்துக்கு, அதாவது வீட்டுத் தரை நிற்கிற அடிமேடை மட்டத்துக்கு, அரை அடி கீழே இருக்க வேண்டும் என்று சுவரில் கோடு போட்டோம். அதற்கு மேலே போனால் மழைத்தண்ணீர் தெறித்துச் சுவர் ஓதம் அடிக்கும். வாட்டம் வீட்டைவிட்டு வெளியே, 5 அடிக்கு ஒரு அங்குலம். 12 அடிக்குக் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம் வரும். வழவழப்பான கல்லுக்கு இதைவிடக் குறைத்துக்கொள்ளலாம். சொரசொரப்பான கல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் குறைக்கவில்லை.

மூலைமட்டத்துக்கு 3, 4, 5 கணக்கு: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். கடைசியில் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் பிடித்துப் பார்த்தோம், சரியாக இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

மேல்மண்ணை எடுத்தாயிற்று. சில்வர் ஓக் இலை வருஷக்கணக்காக மக்கிய கறுப்பு மண், முக்கால் அடிக்குக் குறையாது. கால் வைத்தால் மெத்தென்று இறங்குகிறது. அம்மா ஆளைப் பின்தொடர்ந்து போய் ஒரு சட்டி வீணாகாமல் மிளகுக்கொடிக்கும் ரோஜாவுக்கும் போட வைத்தார்.

“தம்பி, அதையே வெளியோரம் அள்ளிப் போட்டுட்டா கிராவல் வண்டிக்காசு மிச்சமாகுமே” என்றார் மேஸ்திரி.

“வேண்டாங்கண்ணா. மக்கு மண் இன்னும் மக்கும். மக்க மக்க இறங்கும்.”

அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் கூட வந்திருந்த பெரியவர் என் பக்கம் சாய்ந்தார். எஸ்டேட்டுகளில் கல் அடுக்கியே வயசானவர். சரிவைப் பார்த்துவிட்டு, “படி வெட்டாம மண்ணு போடக்கூடாது” என்றார். சரிந்த தரைமேல் அப்படியே மண்ணைக் கொட்டினால் புது மண்ணுக்கும் பழைய மண்ணுக்கும் நடுவே ஒரு வழுக்குப் பாதை உண்டாகிவிடும். தண்ணீர் அதில் இறங்கியதும் மேல்மண் மொத்தமாக நழுவும். அதனால் செம்மண் தரையை ஒன்றரை அடி அகலப் படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியையும் வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துவிட்டார். கடப்பாரையை அவர் ஓங்கிப் போடவே இல்லை. நுனியை ஊன்றி, நெம்பி, மண்ணைப் பாளம் பாளமாக விடுவித்தார். இன்று நடந்ததிலேயே முக்கியமான வேலை இதுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வெளியோரத்தில் கல்லடுக்குச் சுவர், சிமெண்ட் இல்லாமல். இரண்டரை அடி உயரம், அடிவரிசை மண்ணுக்குள். சுவர் வெளிப்பக்கம் சாயாமல் மேட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. பின்னால் ஒரு அடி அகலத்துக்கு 40 மில்லி ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி. மண் வந்து ஜல்லியை அடைக்காது, தண்ணீர் மட்டும் போகும்.

சிமெண்ட் வைத்துக் கட்டலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். கட்டலாம். தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டுக் கட்ட வேண்டும். போன டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையிலேயே மண் சரிந்ததே. அந்த மாதிரி மழையில் சுவரைத் தள்ளுவது மண் மட்டுமில்லை, அதற்குள் ஊறி நிற்கிற தண்ணீரும்தான்.

பிப்ரவரி 12, புதன்

நிரப்புதல். வெட்டிய செம்மண்ணும் கிராவலும். அரை அடி கொட்டு, இடி, மறுபடி கொட்டு. மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் மேல் ஆறு அங்குலம்தான் இறுகும், அடியில் பொலபொலவென்றே இருக்கும். வாடகைக்கு எடுத்தது குதித்துக் குதித்து இடிக்கிற ராம்மர். களி கலந்த மண்ணுக்கு அதுதான் சரி. சுவரை ஒட்டி மட்டும் கையால் திமிசு போட்டோம், மிஷின் அங்கே போனால் கல் பிதுங்கிவிடும்.

ஈரம் பார்ப்பது பெரியவர் வேலை. ஒரு கை மண்ணைக் கொழுக்கட்டை மாதிரி பிடிப்பார். பிடி நிற்க வேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக்கூடாது, கீழே போட்டால் இரண்டு மூன்றாக உடைய வேண்டும். சேறாகப் பரவினால் அன்றைக்கு இடிப்பு கிடையாது. மத்தியானம் காற்றில் மண் காய்ந்துபோய்ப் பூவாளியில் தெளிக்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று ஜல்லிக் கணக்கு. 180 சதுர அடி, இறுகிய பிறகு 4 அங்குலம் கனம். 60 கன அடி. இறுகும்போது அமுங்குவதற்குக் கால் பங்கு சேர்த்தால் 75. 100 கன அடி ஒரு யூனிட், அதாவது முக்கால் யூனிட். நிரப்பிய பக்கம் 6 அங்குலமாகவே போடுகிறேன், எனவே ஒரு யூனிட்டாகச் சொல்லிவிட்டேன்.

வெறும் முக்கால் அங்குல ஜல்லி வாங்காதீர்கள். ஒரே அளவுக் கல் எத்தனை இடித்தாலும் உருண்டுகொண்டே இருக்கும். ரோடு போடுகிறவர்கள் வாங்கும் வெட் மிக்ஸ் கேளுங்கள். 40 மில்லியிலிருந்து தூள்வரை கலந்து வரும். பெரிய கல்லின் சந்தில் சின்னது, அதன் சந்தில் தூள் என்று பூட்டிக்கொள்ளும். இந்த மலைப்பாறையின் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அதே ரகம் என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர். மலையே கல்லாக இருந்தும் நாங்கள் ஜல்லிக்குக் கீழே சேலத்துக்குத்தான் போன் போடுகிறோம்! 20 கொண்டை ஊசி வளைவு வேண்டாமென்று டிப்பர் குப்பனூர் வழியாக வந்தது. கல்லைவிட வாடகைதான் வலித்தது.

பிப்ரவரி 20, வியாழன்

முதலில் செம்மண் மேல் ஜியோ துணி, ஒன்றின்மேல் ஒன்று ஒரு அடி ஏறுகிற மாதிரி. துணி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் களி மேலே ஏறி ஜல்லியோடு கலந்துவிடும். அப்புறம் வெட் மிக்ஸ், இரண்டு வரிசையாக. இதற்கு, தட்டையான தகடு அதிர்ந்து இறுக்குகிற பிளேட் மிஷின். ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு, போன தடத்தில் பாதியை மிதித்துக்கொண்டு. தொடக்கத்தில் மிஷின் சத்தம் மொத்தையாக இருந்தது. இறுக இறுகக் கணீரென்று மாறியது. மேஸ்திரி காதை வைத்தே “இங்க போதும், அங்க இன்னொரு தரம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜல்லியைத் தளத்தைவிட அரை அடி வெளியே நீட்டியிருக்கிறோம். ஓரக்கல் அதன்மேல் உட்கார வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

குதிகாலால் மிதித்து நடந்து பார்த்தேன். தடம் விழவில்லை. நூல் கட்டி, மூங்கில் அளவுகோலோடு அங்குலம் அங்குலமாகச் சரிபார்த்ததில் வடக்கு மூலையில் கால் அங்குலப் பள்ளம். தங்கை ஹோஸ் பிடித்தாள், தண்ணீரும் அங்கேதான் தேங்கியது. அந்த இடத்தை மட்டும் கொத்திக் கிளறி, கலவை சேர்த்து, நனைத்து, மறுபடி இடித்தோம். பள்ளத்தை, ஜல்லிக்கு மேலே கல்லுக்கு அடியில் போடுகிற கிரஷர் தூளால் நிரப்பிச் சமாளிக்கலாம் என்பார்கள். கூடாது. தூள் எல்லா இடத்திலும் ஒரே ஒன்றரை அங்குலமாக இருந்தால்தான் கல் சமமாக அமரும்.

கல் விவாதத்தில் அம்மா ஜெயித்தார். இரண்டு அங்குலக் கருங்கல் பலகைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, அடுத்த வாரம் ஏறும். தங்கை ஒரு வரிசையாவது கடப்பா வேண்டும் என்று இன்னும் விடவில்லை.