கச்ல ஒரு டைம் ஸ்டடி

குஜராத் கச்ல எம்பிராய்டரி போடுற ஒரு பெரியம்மா வேலையை அளக்க ஸ்டாப்வாட்ச்சை எடுத்தது தப்புன்னு இப்பவும் நான் நினைக்கல. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த விஷயத்தை ஆபீஸ்ல யார்கிட்ட சொன்னாலும் "பாவம் அந்தம்மா"ன்னுதான் ஆரம்பிக்கறாங்க. அவங்களைப் பார்த்திருந்தா பாவம்னு வாய்ல வராது. அன்னிக்கு அந்தத் திண்ணையில பாவமா இருந்தது யாருன்னா நான்தான்.

நான் ஐ.இ., அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட். திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல, லைன்ல வாட்சோட நிக்கிற ஆளு, யாருக்கும் பிடிக்காத ஆளு. ஓவர்லாக் டெய்லர் ஒரு ஷோல்டர் அடிக்க எத்தனை செகண்ட், கைமடி எடுத்து வைக்க எத்தனை செகண்ட், எல்லாத்தையும் கூட்டி சாம் (ஒரு பீஸுக்கு இத்தனை நிமிஷம்னு வைக்கிற கணக்கு) போட்டு, அதை வெச்சுதான் டார்கெட்டு, பீஸ் ரேட்டு எல்லாம். ஆளைப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் பழகிப் போச்சு: வாட்சைக் கையில எடுத்தா எதிர்ல இருக்கிறவங்க கை தானா நிதானமாகும். அது ஏமாத்து இல்ல, தற்காப்பு. இன்னிக்கு வேகமாக் காட்டினா நாளைக்கு அதுதான் டார்கெட்டுன்னு பவர் டேபிள்ல உக்காந்த ரெண்டாவது வாரத்துலயே பதினெட்டு வயசுப் பொண்ணுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும், அதுக்குத்தான் ரேட்டிங்னு ஒண்ணு இருக்கு. ஆள் மெதுவாப் பண்றாங்கன்னா எம்பது போடுவோம், வேகமாப் பண்ணினா நூத்திப் பத்து, இருபது. பார்த்த நேரத்தை அதால பெருக்கி, தண்ணி குடிக்க, அசதிக்குன்னு அலவன்ஸ் சேர்த்தா சாம் வந்துடும். 1880கள்ல அமெரிக்காவுல ஃப்ரெடெரிக் டெய்லர் (தையக்காரர் இல்ல, இன்ஜினியர்) இரும்பு பட்டறையில ஆரம்பிச்சு வெச்ச வேலை, இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

இந்த வாட்ச் கச்சுக்கு ஏன் போச்சுன்னா, ஒரு பையர் லினன் டாப்புக்கு முன்பக்கம் சூஃப் எம்பிராய்டரி பேனல் கேட்டாங்க. பேனலை அங்க போட்டு வாங்கி இங்க தைக்கணும். அதுவரைக்கும் ஒரு ஏஜெண்ட் வாயில வந்த ரேட்டைச் சொல்லுவாரு, அதுல போடுற பொம்பளைங்களுக்கு எவ்வளவு போகுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆடிட்ல பையர் அதையேதான் கேட்டாங்க, எட்டு மணி நேரம் போட்டா அந்த ஊரு நாள் கூலியாவது கட்டுதான்னு. நிமிஷக் கணக்கு இல்லாம இதுக்கு எப்படி பதில் சொல்றது? அதனால நான் போனது அவங்களுக்கு நல்லதுக்குத்தான்னு நம்பித்தான் போனேன். இன்னும் நம்பறேன், பெரும்பாலும்.

பூஜ்ல இருந்து காவ்டா ரோட்டுல வடக்கே. நேரா ரோடு, ரெண்டு பக்கமும் வெளிறின மண்ணு, அப்பப்ப எருமைக் கூட்டம். பாலைவனம்னா மணல் குன்றா இருக்கும்னு எதிர்பார்த்துப் போனவளுக்கு கண்ணுக்கெட்டுன தூரம் சீமைக்கருவேலம். ராமநாதபுரம் போற மாதிரியே இருந்துச்சு. அங்க அதுக்கு காண்டோ பாவல்னு பேரு, உப்பு மண்ணு பரவாம இருக்கட்டும்னு அரசாங்கமே கொண்டு வந்து விட்டதாம், இப்ப மேய்ச்சல் நிலத்தைத் தின்னுக்கிட்டு இருக்கு. கடகரேகை போர்டுகிட்ட டூரிஸ்ட் எல்லாம் இறங்கி செல்ஃபி எடுத்தாங்க, நாங்க நிக்காம தாண்டி ஒரு கிளை ரோட்டுல திரும்பினோம்.

அது சோதா ராஜபுத்திரர் வீடுங்க இருக்கிற ஊரு. இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற தார்பார்க்கர்ல இருந்து 1971 யுத்தத்தப்ப வந்தவங்க. அங்க பொம்பளைங்க வெளி ஆம்பளை முன்னாடி முகம் காட்ட மாட்டாங்க, அதனால டிரைவர் பாய் வண்டியோட வெளியவே நின்னுட்டாரு. டிபார்ட்மென்ட்ல என்னை விட சீனியர் ரெண்டு பேர் இருந்தும் என்னை அனுப்பினதுக்குக் காரணமும் இதுதான், திறமை எல்லாம் இல்ல. பேச்சுக்கு பூஜ்ல இருந்து ஒரு கோஆர்டினேட்டர் பொண்ணு கூட வந்திச்சு. பெரியவங்களை பான்னு கூப்பிடணும்னு வண்டியிலயே சொல்லிக் குடுத்திச்சு.

பா-க்கு அறுபது இருக்கும். சாஸர்ல டீ ஊத்திக் குடுத்தாங்க, தண்ணியே இல்லாத பால் டீ. அப்புறம் துணியை எடுத்து மடியில போட்டாங்க. சூஃப் எப்படிப் போடுவாங்கன்னு படிச்சுட்டுத்தான் போயிருந்தேன், ஆனா பார்க்கிறப்ப வேற. ட்ரேஸ் கிடையாது, பென்சில் கோடு கிடையாது, ஃப்ரேம் கிடையாது. துணியோட பாவுலயும் ஊடையிலயும் இருக்கிற இழையை ஊசி நுனியால எண்ணி எண்ணிப் போறது. அதுவும் பின்பக்கம் இருந்து. அவங்க கண்ணுக்கு முன்னாடி இருக்கிறது துணியோட உள்பக்கம், சாட்டின் தையல் அடியில விழுது. ஒரு முக்கோணம் முடிஞ்சதும் திருப்பிக் காட்டினாங்க, ஓரம் பிளேடால வெட்டின மாதிரி நேரா இருந்துச்சு. உதடு அசையல, விரலை மடக்கல, எங்க எண்ணினாங்கன்னே தெரியல.

வாட்சை எடுத்தேன். எதுக்குன்னு கோஆர்டினேட்டர் பொண்ணு விளக்கிச்சு. பா தலையை ஆட்டினாங்க, முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு ஆரம்பிச்சாங்க.

முதல் முக்கோணம் ஏழு நிமிஷம் கிட்ட. அடுத்தது ஆறு. அதுக்கடுத்தது அஞ்சு. நான் நிமிர்ந்து பார்த்தா அந்தம்மா மூஞ்சில ஒரு சிரிப்பு. வாசல்ல மருமகளும் பக்கத்து வீட்டு பொம்பளைங்களும் நிக்கிறாங்க, இவங்க எல்லாரும் பார்க்கப் போட்டுக்கிட்டு இருக்காங்க. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. நான் பழகின ஊர்ல வாட்சைப் பார்த்தா கை மெதுவாகும், இங்க தலைகீழா ஓடுது. இந்த அஞ்சு நிமிஷத்தை நான் எழுதினா, இதே டிசைனை எட்டு நிமிஷத்துல போடுற இருபது வயசு மருமகளுக்கும் இதே ரேட்டுதான்.

அப்பத்தான் கோஆர்டினேட்டர் பொண்ணுகிட்ட சொன்னேன், "பா-வை எப்பவும் போடுற மாதிரி மெதுவாப் போடச் சொல்லு"ன்னு.

இந்த ஒரு வரியைத்தான் இன்னும் அசை போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு ஐ.இ. இதைச் சொல்லக்கூடாது, ஆபரேட்டரோட வேகத்துல நாம கை வைக்கக்கூடாதுன்னுதான் ட்ரெயினிங்ல சொல்லித் தர்றாங்க. ஆனா சொல்லாம இருந்திருந்தா அது மட்டும் நியாயமான்னும் தோணுது. பொண்ணு சொன்னதும் பா கை நின்னுச்சு. சிரிப்பும் போச்சு. ஏதோ சொன்னாங்க, கோஆர்டினேட்டர் பொண்ணே ரெண்டு தடவை திருப்பிக் கேட்டுட்டு என்கிட்ட சொல்லிச்சு: "இதுதான் என் வேகம். மெதுவாப் போட்டா எண்ணிக்கை விட்டுப் போகும். மெதுவாப் போடறவங்க வேணும்னா பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்லு."

வாசல்ல ஒரே சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரம்மாவும் சேர்ந்துதான் சிரிச்சாங்க. எனக்குக் காது சூடாயிடுச்சு.

அவங்க சொன்னது உண்மைன்னு அப்பவே தெரிஞ்சுது. எங்கம்மா மார்கழியில புள்ளி வைக்கிறப்ப குறுக்க பேசினா எண்ணிக்கை போச்சுன்னு திட்டும், வேகமா வெச்சுக்கிட்டே போனாத்தான் கோலம் நிக்கும். அப்ப அந்த வேகம் எனக்காகக் காட்டினது இல்லையா, இல்ல எண்ணிக்கை பேச்செல்லாம் என்னைச் சமாளிக்கவா? முதல்ல ஏழு, கடைசில அஞ்சு, அது ஷீட்ல இருக்கே. ஆனா கை சூடாகிற வரைக்கும் யாருக்கும் முதல் ரெண்டு பீஸ் லேட்டாத்தான் வரும், திருப்பூர்லயும் அப்படித்தான்.

வண்டியில ஏறினதும் கோஆர்டினேட்டர் பொண்ணு, "இவங்க வேலையை நிமிஷத்துல அளக்கலாமா மேடம்"னு கேட்டிச்சு. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. ஏன் அளக்கக்கூடாது? அளக்காம இருந்தப்ப என்ன ஆச்சு? அதே கச்லதான் தெபாரியா ரபாரிங்கிற ஆடுமாடு மேய்க்கிற சமூகத்துக்காரங்க 1995ல சீர்வரிசைக்கு எம்பிராய்டரி போடக்கூடாதுன்னு தடையே போட்டாங்க, ஏன்னா சீருக்கு வேண்டிய துணி எல்லாம் போட்டு முடிக்க வருஷக்கணக்கா ஆகி, பொண்ணுங்க புருஷன் வீட்டுக்குப் போறதே தள்ளித் தள்ளிப் போச்சு. அந்தப் பெரியவங்களும் நேரத்தைத்தானே கணக்குப் பார்த்தாங்க? 1969 வறட்சியில சந்தாபென் ஷ்ராஃப் தானேட்டி ஊர்ல ஆரம்பிச்ச ஸ்ருஜன்கிற எம்பிராய்டரி அமைப்புல இருந்து இது கூலி வேலையும்தான். கூலின்னு வந்தப்புறம் நேரத்தைக் கணக்குல எடுக்காம இருக்கிறது யாருக்கு லாபம்? ஏஜெண்டுக்கு. இதை எல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட மூச்சு விடாமப் பேசினேன். அது ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டிச்சு. டிரைவர் பாய் பாட்டு சவுண்டைக் கூட்டினாரு.

ஷீட்ல நான் அஞ்சுதான் எழுதினேன். பார்த்ததை மாத்தி எழுதினதில்ல, எழுதவும் மாட்டேன். ஆனா ரேட்டிங் நூத்தி முப்பது போட்டேன். அதாவது சாதாரண கைக்கு ஆறரை நிமிஷம். அலவன்ஸும் லைன்ல போடறதை விட அதிகமா வெச்சேன், கண்ணு வலி இருக்கிற வேலை, வெளிச்சத்துலதான் போட முடியும்னு காரணம் எழுதி.

மேனேஜர் அலவன்ஸை அப்படியே ஒத்துக்கிட்டாரு. ரேட்டிங்ல நின்னாரு. "நூத்தி முப்பதுன்னா நூறு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும். சூஃப்ல நூறு நீ பார்த்திருக்கியாம்மா?"

பார்க்கல. நியாயமான கேள்வி, அதான் எரிச்சலா இருந்துச்சு. மருமகளோட எட்டு நிமிஷத்தைச் சொன்னேன், அவ கத்துக்குட்டின்னு தள்ளிட்டாரு. நூத்திப் பத்துல முடிச்சோம். முக்கோணத்துக்கு அஞ்சரை நிமிஷம். ஒரு நிமிஷம்தானே வித்தியாசம்னு தோணும், ஒரு பேனல்ல நூத்துக்கு மேல முக்கோணம், எட்டு மணி நேரம்னா 480 நிமிஷம், கணக்குப் போட்டுப் பாருங்க, அஞ்சுல ஒரு பங்கு நாள் போயிடுது. ஆனாலும் ஏஜெண்ட் குடுத்துக்கிட்டு இருந்ததை விட இது கூடத்தான். அதனாலதான் கையெழுத்துப் போட்டேன்.

அதுக்கப்புறம் கோஆர்டினேட்டர் பொண்ணு ஒரு நாள் போன் பண்ணிச்சு. பா ரொம்ப சந்தோஷமா இருக்காங்களாம், அவங்க நேரத்தை வெச்சுத்தான் மொத்த ஊருக்கும் ரேட்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறாங்களாம். மருமக மட்டும் இந்த ரேட்டுக்குக் கட்டலைன்னு பேனல் போடறதை விட்டுட்டு வேற வேலை பார்க்குதாம். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிச்சு, எதை நான் கேக்கணும்னு சொல்லிச்சோ தெரியல.

வாட்சை விட இப்ப எனக்கு உறுத்துறது இன்னொண்ணு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பா துணியை மடியில போட்டுட்டு ரொம்ப நேரம் சும்மாவே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஊசில நூல் கோத்தாச்சு, குத்தல. அப்பப்ப துணியை நீவி விட்டாங்க. நான் டீயைக் குடிச்சு முடிச்சு, எப்ப ஆரம்பிப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துலதான் மொத்த டிசைனும் அவங்க மனசுல எண்ணி, கண்ணாடில பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டு முடிஞ்சிருக்கணும், இல்லாட்டி அப்புறம் கை அப்படி ஓடாது. நான் வாட்சை அழுத்தினது முதல் ஊசி குத்தினப்புறம். எங்க கணக்குல ஊசி நகரலைன்னா அது ஐடில் டைம்.

அடுத்து காரெக்னு இன்னொரு வகை எம்பிராய்டரி வேலைக்கு ரேட் போடணும்னு மறுபடி என்னைத்தான் போகச் சொல்லியிருக்காங்க. ஷீட்ல "பார்க்கிற நேரம்"னு ஒரு கட்டம் புதுசா சேர்த்து மேனேஜருக்கு அனுப்பினேன். சேர்த்துக்கோ, ஆனா ஒருத்தங்க துணியைப் பார்க்கிறாங்களா இல்ல வாசலைப் பார்க்கிறாங்களான்னு எப்படிப் பிரிப்பேன்னு எழுதிக் குடுன்னு பதில் போட்டிருக்காரு. ரெண்டு வாரமா அந்த மெயிலுக்கு நான் ஒண்ணும் எழுதல.