மதியம் வரை தாங்கும் சாதங்கள்

காலை 7.30 மணிக்கு மூடும் டப்பாவைப் பிள்ளைகள் 12.30 மணிக்குத்தான் திறக்கிறார்கள் என்பதால், அந்த ஐந்து மணி நேரத்தைத் தாங்கும் சாதத்தையே எங்கள் வீட்டில் கட்டித் தருகிறோம். புளியோதரைக்கு இதில் நிகரில்லை. புளியின் அமிலமும் தாராளமாக விட்ட நல்லெண்ணெயும் அதைக் கெடாமல் காக்கின்றன. புளிக்காய்ச்சலை ஞாயிற்றுக்கிழமையே செய்து வைத்துவிட்டால், வாரநாள்களில் சாதம் வடித்துக் கிளறுவது மட்டுமே வேலை.

தயிர்சாதத்தில்தான் கவனம் வேண்டும். குழைய வேகவைத்த சாதத்தைச் சூடு தணிந்தபின், காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலில் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால், மதியத்துக்குள் பால் தானே உறைந்து, புளிப்பேறாத தயிர்சாதமாகிவிடும். கொதிக்கும் பாலில் தயிரைச் சேர்த்தாலோ, உறையவைக்கும் நுண்ணுயிர்கள் இறந்துவிடும்.

எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகே சாறு பிழிய வேண்டும், இல்லையேல் கசக்கும். தேங்காய் சாதம் எவ்வளவு ருசியானாலும் சீக்கிரம் ஊசிப்போவதால், கோடையில் அதை நான் கட்டுவதில்லை. எதுவானாலும் தட்டில் பரப்பி ஆறவிட்டு மூடினால் மூடியில் நீர் கோக்காது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் போதும். அப்பளம் நமத்துவிடும் என்று எத்தனை முறை சொன்னாலும், என் இளைய மகள் அதைத்தான் கேட்கிறாள்.