யூடிக்குக் கீழே வருபவை

3 மார்ச் 2025, திங்கள்

பிளஸ் 2 பொதுத்தேர்வு இன்று தொடங்கியிருக்கிறது. இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவர்கள் இந்த மாத எண்களைப் பார்த்துக் கலங்க வேண்டாம். குடும்பக் கதைகளைப் படிப்பவர்களில் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் நிறைய. பிள்ளை தேர்வுக்குப் படிக்கிற வீட்டில் அம்மாவின் கைப்பேசியும் ஓய்ந்துதான் கிடக்கும். பார்வை குறையும், லைக் குறையும், கமெண்ட் இன்னும் வேகமாகக் குறையும். ஒரு யூடி (அப்டேட், அதாவது புதிதாகப் போடும் அத்தியாயம்) படிக்கப் பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தவருக்கு, தமிழில் நாலு வரி தட்ட இன்னும் ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. மே மாதம் அவர்களே திரும்பி வந்து விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் படிப்பார்கள்.

எண்களை நாட்காட்டியோடு சேர்த்துப் படிக்க ஒரு பதிவேடு வேண்டும். கூகுள் ஷீட் போதும். அத்தியாய எண், பதிவிட்ட நாளும் நேரமும், முதல் 24 மணி நேரப் பார்வை, ஏழாம் நாள் பார்வை, லைக், மொத்த கமெண்ட், அதில் கதையைப் பற்றிப் பேசிய கமெண்ட் என்று ஏழு பத்தி. கடைசிப் பத்தியில் விழுகிற எண்தான் முக்கியம். ஏழாம் நாள் கணக்கு எதற்கு என்றால், மூன்று மாதம் முன்பு போட்ட முதல் அத்தியாயத்தையும் நேற்றுப் போட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எப்போதும் மனதை உடைக்கும். எல்லா அத்தியாயத்தையும் ஒரே வயதில் நிறுத்தித்தான் ஒப்பிட வேண்டும்.

6 மார்ச் 2025, வியாழன்

லைக்கின் மதிப்பு தளத்துக்குத் தளம் வேறு. அது தெரியாமல் ஒரு தளத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு வருந்துகிறவர்கள் ஏராளம்.

வாட்பேடில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி நட்சத்திரம் (அங்கே அதுதான் லைக்), தனிப் பார்வைக் கணக்கு. ஒரே வாசகர் 40 பகுதிகளைப் படித்தால் கதையின் மொத்தப் பார்வையில் 40 ஏறும். '20 ஆயிரம் ரீட்ஸ்' என்று தெரியும் 40 பகுதிக் கதையைச் சராசரியாக 500 பேர் படித்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். 2009இல் திறக்கப்பட்ட ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைவுத் தளத்தில் இதற்கு நேர்மாறு: ஒரு வாசகர் ஒரு படைப்புக்கு ஒரே ஒரு குடோஸ்தான் (அங்கே லைக்குக்குப் பெயர்) தர முடியும், அது 60 அத்தியாயத் தொடராக இருந்தாலும் சரி. இரண்டாம் அத்தியாயத்தில் குடோஸ் கொடுத்துவிட்டவர் ஐம்பதாம் அத்தியாயத்தில் அழுதாலும் அந்த எண் நகராது. அங்கே நெடுங்கதை எழுதுகிறவருக்கு கமெண்ட் மட்டுமே அத்தியாயத்துக்கு அத்தியாயம் செய்தி சொல்லும். பிரதிலிபியில் ஐந்து நட்சத்திர மதிப்பீடும், அதோடு எழுத்தில் விமர்சனமும் உண்டு.

இன்னொன்று, நிறைய வாசகர்கள் லைக்கை அடையாளமாகத்தான் அழுத்துகிறார்கள். 'இதுவரை படித்துவிட்டேன்' என்பது அவர்கள் தமக்கே வைத்துக்கொள்ளும் குறி. பிடித்த எழுத்தாளர் என்றால் படிக்கும் முன்பே அழுத்திவிட்டு உள்ளே போவார்கள். அதனால் லைக், பார்வையின் நிழலாகவே நகரும். நூறு பார்வைக்கு எத்தனை லைக் என்ற விகிதம் ஒரே கதைக்குள் திடீரென மாறினால் மட்டும் கவனியுங்கள்.

11 மார்ச் 2025, செவ்வாய்

வாசகர்கள் எங்கே கழன்றுகொள்கிறார்கள் என்பதை லைக்கும் சொல்லாது, கமெண்ட்டும் சொல்லாது. விட்டுப் போகிறவர் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஏழாம் நாள் பார்வைப் பத்திதான் அதைக் காட்டும்.

விளக்கத்துக்கு ஒரு கணக்கு: முதல் அத்தியாயம் 1000, இரண்டாவது 600, மூன்றாவது 540, பிறகு எட்டாவது வரை 500க்குப் பக்கத்தில். ஒன்றிலிருந்து இரண்டுக்கு வரும் இறக்கம் இயல்பு. அட்டைப்படமும் தலைப்பும் இழுத்து வந்தவர்களில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும். ஒன்பதாவது 380க்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவர்கள் உடனே ஒன்பதாவதைத் திருத்தப் போவார்கள். ஆனால் ஒன்பதாவதைத் திறக்காமல் போனவர்கள் படித்த கடைசி அத்தியாயம் எட்டாவது. கோளாறு எட்டின் கடைசி இரண்டு பக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஒரு சிக்கல் அங்கே முழுதாகத் தீர்ந்து, அடுத்து என்ன என்ற கேள்வியே எழாமல் போயிருக்கும், கதாநாயகன் வாசகர் மன்னிக்காத ஒன்றைச் செய்திருப்பான், அதன் காரணம் பத்தாம் அத்தியாயத்தில் ஒளிந்திருக்கும், அல்லது பழைய கதை சொல்லும் ஃபிளாஷ்பேக் தொடங்கியிருக்கும். ஃபிளாஷ்பேக்கைத் தொடர்ந்து மூன்று அத்தியாயம் ஓட்டினால் கூட்டம் கரைவது ஏறத்தாழ உறுதி. நிகழ்காலக் காட்சி ஒன்றை ஒவ்வொரு அத்தியாயத்திலும் வைத்தால் தாங்கும்.

எட்டாவதற்கு வந்த கமெண்ட்டுகள் முழுக்க 'சூப்பர் சிஸ்' என்று இருந்திருக்கலாம். அவை தங்கிவிட்டவர்கள் எழுதியவை.

12 மார்ச் 2025, புதன்

ஒற்றை நட்சத்திரம் பற்றி. ஐந்து பேர் மதிப்பிட்ட கதையில் நான்கு 5, ஒரு 1 என்றால் சராசரி 4.2. நூறு 5இன் நடுவே ஒரு 1 விழுந்தால் 4.96. தொடக்கத்தில் அந்த ஒற்றை நட்சத்திரம் வலிப்பதற்குக் காரணம் எண்ணிக்கை குறைவாக இருப்பதுதான். காரணம் எழுதாத ஒற்றை நட்சத்திரத்துக்குப் பதில் எழுத வேண்டாம். பத்து நண்பர்களைக் கூப்பிட்டு 5 போடச் சொல்வதும் வேண்டாம். இரண்டாம் பக்கத்தில் மூடிவிட்டு 5 போட்டவர்களால் கதைக்கு ஒரு வாசகர்கூடக் கூடுவதில்லை. 'நீங்க எனக்கு, நான் உங்களுக்கு' என்ற ஏற்பாடும் இதே வகைதான். அமேசான் இப்படி மாற்றிக்கொள்ளும் விமர்சனங்களை விதியாகவே தடுத்திருக்கிறது, கண்டுபிடித்தால் நீக்கிவிடும்.

19 மார்ச் 2025, புதன்

கமெண்ட்டுகளில் எதைத் தேட வேண்டும்?

'நைஸ் எபி', 'வெயிட்டிங் ஃபார் நெக்ஸ்ட் யூடி', இதய ஸ்மைலி: இவை வருகைப் பதிவு. தாழ்வாக நினைக்கக் கூடாது. முகம் தெரியாத ஒருவர் நேரம் ஒதுக்கி 'வந்தேன்' என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அதை வைத்துக் கதையில் எதையும் திருத்த முடியாது. 'இந்த மாமியாரைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது' என்பது அடுத்த படி. பாத்திரம் உயிரோடு இருக்கிறது என்று தெரிகிறது.

தகவல் பிழையைச் சுட்டும் கமெண்ட் வந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். தொடர்கதைகளில் அடிக்கடி வரும் ஒன்று: காலையில் ஓடிப்போய் மதியமே ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சட்டம் தெரிந்த வாசகர் ஒருவர் எழுதினால், அது கதைக்குக் கிடைத்த கொடை. இருவரும் இந்துக்கள் என்றால் கோயிலிலோ சுயமரியாதை முறையிலோ திருமணத்தை முடித்து, அதைப் பதிவு செய்வதாக மாற்றிவிடலாம். மதம் வேறு என்றால் அந்த 30 நாளே கதையாகும்: அறிவிப்பை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள், யாரோ பார்த்து ஊருக்குச் சொல்வார்கள், வீட்டுக்குச் செய்தி போகும். ஒரு திருத்தத்திலிருந்து நான்கு அத்தியாயம் பிறக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என் கணிப்பில் உயர்ந்தது, ஊகம் சொல்லும் கமெண்ட். குறிப்பாகத் தப்பான ஊகம். 'உயிலை மறைச்சது வக்கீல்தானே ரைட்டர் ஜி?' என்று ஒருவர் கேட்கும்போது, அவர் எந்தெந்த வரிகளை நினைவில் வைத்திருக்கிறார், எதைத் தவறவிட்டார் என்பது தெரிந்துவிடுகிறது. பாராட்டு இதைச் சொல்லாது.

பதிவேட்டில் இன்னொரு தாள் திறந்து ஊகங்களை அத்தியாயவாரியாக எழுதுங்கள். உயிலை உண்மையில் மறைத்த சித்தப்பா 14ஆம் அத்தியாயத்தில்தான் மாட்டப்போகிறார் என்றால், 10, 11ஆம் அத்தியாயங்களில் ஊகம் சொன்னவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் சொன்னால் தடயம் வெளிச்சத்தில் கிடக்கிறது. ஒருவரும் சொல்லாமல், 14க்குப் பிறகு 'இது எங்கேயும் வரவே இல்லையே' என்று வந்தால், தடயம் வைக்கப்படவே இல்லை, அல்லது நீளமான வருணனைக்குள் புதைந்துவிட்டது. ஓரிருவர் சரியாகச் சொல்லி, மற்றவர்கள் 14ஐப் படித்ததும் பின்னால் போய்ப் பழைய அத்தியாயத்தைத் திறந்தால் அளவு சரி. பழைய அத்தியாயத்தின் பார்வை அந்த வாரம் ஏறுவதைப் பதிவேட்டிலேயே காணலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு வாசகர் சரியாக ஊகித்துவிட்டார் என்பதற்காகக் குற்றவாளியை மாற்றுவது. செய்யவே கூடாது. சித்தப்பாவுக்காக ஒன்பது அத்தியாயங்களில் வைத்த ஒவ்வொரு தடயமும் அன்றோடு பொய்யாகிவிடும்; மொத்தமாகப் படிக்க வரும் அடுத்த வாசகர் அதை மன்னிக்க மாட்டார். சரியாக ஊகித்தவர் ஏமாறுவதில்லை, பெருமைப்படுகிறார்.

28 மார்ச் 2025, வெள்ளி

'சைலண்ட் ரீடர்ஸ், ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்கப்பா' என்ற வேண்டுகோள் ஒரு யூடிக்கு வேலை செய்யும். அடுத்ததில் மங்கிவிடும். அவர்கள் பேசாததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. பலர் லாகின் செய்யாமலே படிக்கிறார்கள். தமிழ் விசைப்பலகை கைவராதவர்கள் உண்டு. தன் பெயரில் காதல் கதைக்குக் கீழே எழுதினால் உறவினர் கண்ணில் படுமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்வது அநியாயம்.

பலன் தருவது, அந்த அத்தியாயத்துக்குள் பதில் இருக்கிற ஒரு கேள்வி. 'எப்படி இருந்தது?' என்றால் 'சூப்பர்' என்றுதான் வரும். 'கதிர் அந்தக் கடிதத்தை அவகிட்ட கொடுத்திருக்கணுமா?' என்றால் வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே பேசத் தொடங்குவார்கள். கேள்வியைப் பேச்சுத்தமிழில், ஒரே வரியில், கதையின் கடைசி வரிக்குப் பிறகு நல்ல இடைவெளி விட்டு வையுங்கள். முடிவெடுக்கும் அத்தியாயங்களுக்கு மட்டும் போதும். சாவு நடந்த அத்தியாயத்தின் கீழே எதுவும் கேட்காதீர்கள்.

'ஐம்பது கமெண்ட் வந்தால்தான் அடுத்த யூடி' என்று நிபந்தனை போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஐம்பது வரும். அதில் நாற்பது ஒற்றைப் புள்ளியாகவும் ஸ்மைலியாகவும் இருக்கும். அன்றிலிருந்து கமெண்ட் எண்ணிக்கையை வைத்து எதையும் அறிய முடியாது. தவறாமல் எழுதி வந்தவர், எழுதாதவர்களுக்காகத் தண்டனை அனுபவிக்கிறார். மற்றவர்கள் 'முடிந்ததும் படித்துக்கொள்ளலாம்' என்று கிளம்பிவிடுவார்கள்.

பதில் எழுதுவது: பதிவிட்ட முதல் நாளுக்குள், கேள்வி கேட்டவர்களுக்கும் ஊகம் சொன்னவர்களுக்கும் முதலில். காட்சியை விளக்கிப் பதில் எழுத வேண்டி வந்தால், அந்த விளக்கம் போக வேண்டிய இடம் அத்தியாயம். எழுத்தாளரின் பதில்களையும் சேர்த்து எண்ணும் தளங்களில் அவற்றைக் கழித்துவிட்டுப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

4 ஏப்ரல் 2025, வெள்ளி

கமெண்ட் கதையைத் திசைதிருப்பாமல் இருக்கக் கையிருப்பு வேண்டும். முதல் அத்தியாயம் போடும் முன் முடிவை ஒரு பக்கத்திலாவது எழுதி வையுங்கள். எப்போதும் ஐந்து முதல் எட்டு அத்தியாயம் எழுதி முடித்த நிலையில் இருக்கட்டும். பத்தாவதற்கு வந்த கோபம் பதினொன்றாவதைத் தொட முடியாது; ஆறப்போட்டு யோசித்த பிறகு பதினாறாவதில் ஒரு காட்சியாக வரலாம். கையிருப்பு இல்லாதவர் அன்றிரவே எழுதுகிறார், அன்றைய கமெண்ட்டுக்குப் பதிலாகவே எழுதுகிறார். 'ஹீரோவும் ஹீரோயினும் எப்போ சேருவாங்க?' என்று விடாமல் கேட்கும் பத்துப் பேருக்காக 12இல் சேர்த்துவைத்துவிட்டு, 40 வரை இழுக்க வழியில்லாமல் ஒரு விபத்தும் ஒரு மறதி நோயும் கொண்டுவருவார். அந்தப் பத்துப் பேர் எல்லா வாசகர்களும் அல்லர்.

இவ்வளவு சொன்னாலும், முதல் கதை எழுதுகிறவருக்கு கமெண்ட் எவ்வளவு முக்கியம் என்று கேட்டால், மிகவும் முக்கியம். பத்திரிகையில் ஆசிரியர் இருந்தார், தேர்வு இருந்தது, சன்மானம் இருந்தது. இங்கே இரவு பதினொரு மணிக்கு வீட்டு வேலை முடித்துக் கைப்பேசியில் 1500 சொற்கள் எழுதுகிறவருக்குத் திரும்பி வருவது அந்த நாலு வரி மட்டுமே. முதல் ஐந்து அத்தியாயத்துக்கு ஒரு சொல்லும் வராமல் நின்றுபோன நல்ல கதைகள் எத்தனையோ.

படிக்கிறவர்களுக்கு: இரண்டு வரி போதும். எந்த இடத்தில் நின்றீர்கள், அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள். 'பாட்டி சாவியைக் கொடுத்த இடத்துல நின்னுட்டேன். அந்த ரூம்ல லெட்டர் இருக்கும்னு தோணுது.' இப்படி ஒன்று, ஐம்பது இதயங்களைவிட எழுதுகிறவருக்கு உதவும்.

9 ஏப்ரல் 2025, புதன்

கதை முடிந்த பிறகு வரும் கமெண்ட்டுகள் வேறு ரகம். முழுவதையும் படித்தவர்கள் விடுபட்டதைக் கேட்பார்கள்: அந்தத் தங்கை என்ன ஆனாள், வழக்கு எப்படி முடிந்தது. இது இணையத்தோடு வந்த பழக்கம் இல்லை. கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் முடிந்ததும், யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி கதையின் கடைசிக் காட்சியை நீட்டவில்லை. தனியாக ஒரு முடிவுரை எழுதி அதில் பதில் சொன்னார். ஒரே கேள்வியை மூன்று நான்கு பேர் கேட்டால், நூலாக்கும் பிரதியில் அதற்கு இடம் கொடுங்கள். ஒருவர் மட்டும் கேட்டால் கமெண்ட்டிலேயே பதில் போதும்.

கதையை அமேசான் கிண்டிலில் மின்னூலாகப் போடப் போகிறவர்கள், தளத்திலிருந்து அதன் லிங்க்கை நீக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அங்கே கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்காக 10 விழுக்காடு வரை மட்டும் விட்டுவைக்கலாம். வாசகர்கள் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் 2015 ஜூலையிலிருந்து படிக்கப்பட்ட பக்கங்களுக்குத்தான் பணம், அதனால் பதினொன்றாம் தேதிக் குறிப்பில் சொன்ன கழன்றுபோகும் இடம் அங்கே நேராக வருமானத்தைத் தொடும். தளத்தில் அத்தியாயத்தை அழித்தால் அதன் கீழே உள்ள கமெண்ட்டுகளும் போய்விடும். அழிக்கும் முன் அவற்றை அத்தியாயவாரியாக ஒரு கோப்பில் நகலெடுங்கள், வாசகர் பெயர்களை விட்டுவிட்டு. திருத்தம் செய்ய உட்காரும்போது ஊகத் தாளும் இந்தக் கோப்பும் பக்கத்தில் திறந்திருக்கட்டும். ண, ன, ர, ற பிழைகளைச் சுட்டியவற்றை முதலில் முடித்துவிட்டு, எட்டாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கத்துக்குப் போகலாம்.