"1937 பதிப்பை எங்கம்மா பார்த்த?"

முதுகலை இறுதியாண்டுத் திட்டக்கட்டுரைக்குக் குறுந்தொகையில் வரும் மழையை எடுத்துக்கொண்டேன். எழுத மூன்று மாதம் ஆனது. அடிக்குறிப்புகளைச் சரிசெய்ய மட்டும் அதற்கு மேல் ஐந்து வாரம்.

முதலில் மாட்டிக்கொண்டது எல்லாருக்கும் தெரிந்த ஒரு வரியில். இரண்டாம் இயலில் "செம்புலப் பெயனீர் போல" என்று எழுதியிருந்தேன். நான்காம் இயலில் அதே வரி "செம்புலப் பெயல் நீர் போல" என்று நின்றது. இரண்டுக்கும் கீழே குறுந். 40:4. நெறியாளர் அம்மா இரண்டையும் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே பாட்டு, ஒரே அடி, ஒரே பதிப்புன்னு போட்டிருக்க. எழுத்து மட்டும் எப்படிம்மா மாறும்?"

துணைநூற்பட்டியலில் நான் போட்டிருந்தது உ.வே.சா.வின் 1937 பதிப்பு.

"இந்த 1937 பதிப்பை எங்கம்மா பார்த்த?"

பார்க்கவில்லை. என் மேசையில் இருந்தது சந்தி பிரித்து அச்சிட்ட ஒரு மலிவுப் பதிப்பு. நான்காம் இயலுக்கு அதைப் பார்த்து எழுதினேன். இரண்டாம் இயலின் வரி, வேறொருவருடைய ஆய்வேட்டிலிருந்து அடிக்குறிப்போடு சேர்ந்து வந்த வரி. 1937 என்று போட்டால் பட்டியலுக்கு ஒரு கம்பீரம் வரும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். குறுந்தொகையை முதன்முதலில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் சௌரிப்பெருமாள் அரங்கனார், 1915இல். நல்லவேளை, கம்பீரம் போதாதென்று அதையும் நான் எழுதி வைக்கவில்லை.

அம்மா திட்டவில்லை. "எதைப் பார்த்தியோ அதைப் போடு. இல்லைன்னா போட்டதைப் போய்ப் பாரு" என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்துக்குப் போனேன். அங்கே படித்தது அந்தப் பதிப்பின் பிந்திய அச்சு. ஆகவே பட்டியலிலும் அந்த அச்சின் ஆண்டையே போட்டேன். முதற்பதிப்பு 1937 என்பதைப் பக்கத்தில் குறித்தேன். பாட்டுக்கு எண்ணும் அடியும் போதும், எந்தப் பதிப்பிலும் தேடி எடுத்துவிடலாம். ஆனால் உரையையும் முன்னுரையையும் மேற்கோள் காட்டினால் பக்க எண் வேண்டும். புதிதாக அச்சுக்கோத்த பதிப்பில் பக்கம் நகர்ந்துவிடும் என்பது அங்கே உட்கார்ந்து ஒப்பிட்டபோதுதான் உறைத்தது. அன்றிலிருந்து எந்த நூலை எடுத்தாலும் முதல் வேலையாகத் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்து எழுதிக்கொள்கிறேன். பதிப்பாசிரியர், பதிப்பகம், எத்தனையாவது அச்சு எல்லாம் அந்த இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

அடுத்த தலைவலி, அடுத்தவர் காட்டிய மேற்கோள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் கிடைத்த ஓர் ஆய்வேட்டிலிருந்து ஒரு பழைய திறனாய்வு நூலின் இரண்டு வரிகளை எடுத்திருந்தேன். அதில் ப. 87 என்று இருந்தது, நானும் 87 என்றே போட்டேன். மூலநூல் கைக்குக் கிடைத்ததும் திறந்தால், 87ஆம் பக்கத்தில் வேறு என்னவோ பேசிக்கொண்டிருந்தார் ஆசிரியர். அந்த வரிகள் இருந்தது 78இல். யாரோ தட்டச்சில் எண்ணை மாற்றிவிட்டார்கள், சரி. ஆனால் பிறகு வந்த இன்னும் இரண்டு ஆய்வேடுகளிலும் அதே 87! மூவரில் ஒருவராவது நூலைத் திறந்தார்களா என்று கேட்க வாயெடுத்து, நான்காவது ஆள் நான்தான் என்பது நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டேன். மூலநூல் கிடைக்காத வேறு மூன்று இடங்களில், இன்னார் கூற்று, இன்னார் ஆய்வேட்டில் எடுத்துக்காட்டியபடி என்று இருவர் பெயரையும் எழுதினேன்.

பெரிய கூத்து நடந்தது 'மேலது'வில்தான். முன் குறிப்பில் சொன்ன அதே நூல் என்றால் 'மேலது, ப. 52' என்று போடுவது எங்கள் துறை வழக்கம். மூன்றாம் இயல் முழுக்க மேலதுவாக அடுக்கியிருந்தேன். கடைசி நேரத்தில் நடுவே ஒரு பத்தியைச் செருகினேன், அதற்கு ஒரு புது அடிக்குறிப்பும் வந்தது. எண்களைக் கணினி தானாக மாற்றிக்கொண்டது. மேலது எதைக் குறிக்கிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? கீழே இருந்த ஒன்பது மேலதுகளும் புதிதாக வந்த நூலைக் கைகாட்டிக்கொண்டு நின்றன. இப்போதெல்லாம் வரைவில் மேலது எழுதுவதே இல்லை. நூலின் பெயரை ஒவ்வொரு முறையும் போட்டுவிட்டு, சமர்ப்பிக்கும் முந்தைய நாள்தான் மாற்றுகிறேன்.

பெயர் விஷயம் சின்னதுதான், ஆனால் அரை நாளைத் தின்றது. துணைநூற்பட்டியல் தயாரிக்க நான் வைத்திருக்கும் சோட்டேரோ மென்பொருள் குடும்பப்பெயர் கேட்கிறது. நம்மிடம் இருப்பது தலைப்பெழுத்து. அதையே அந்தக் கட்டத்தில் போட்டதால் உ.வே.சா. 'உ'வில் போய் உட்கார்ந்தார். 'சாமிநாதையர், உ.வே. (ப.ஆ.)' என்று கையால் மாற்றி எல்லாரையும் அகரவரிசையில் நிறுத்தினேன்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்குத்தான் அதிகம் பயந்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேராது. என் கட்டுரை சோதனையில் தேறிவிட்டது. ஆனால் அந்தச் சோதனை 87ஐயும் கண்டுகொள்ளவில்லை, ஒன்பது மேலதுகளையும் கண்டுகொள்ளவில்லை. 87ஐப் பிடித்தது மூலநூல், மேலதுகளைப் பிடித்தது அம்மாவின் சிவப்புப் பேனா.

ஒரே ஒரு மேற்கோளை மட்டும் எங்கே படித்தேன் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது, மேற்கோள் குறிகூடப் போட்டிருக்கிறேன். நூல் பெயர் இல்லை, பக்கமும் இல்லை. நல்ல வரி. மனசே இல்லாமல் எடுத்துவிட்டேன். ஐந்தாம் இயலின் அந்தப் பத்தி இப்போதும் கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் நிற்கிறது.