நான்காவது பொத்தான்

இன்று காலை பெரியப்பா மூன்று பொத்தான்களை வலது கையாலேயே போட்டுவிட்டார். நான்காவதில் விரல் நின்றுவிட்டது.

உதவ வந்த பெரியம்மாவை இடது கையால் தடுத்தார். பொத்தான் நுனியைப் பிடிப்பதும் நழுவவிடுவதுமாகப் பத்து நிமிடம்.

தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளை ரத்தக்குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்து ஆறு வாரமாகிறது. "அடைப்பு முழுதும் நீங்கிவிட்டது" என்றார் மருத்துவர். பிறகு ஏன் கை வரவில்லை என்று சண்டைக்குப் போகாத குறையாகக் கேட்டேன். (அவசரக்காரன் நான்தான்.)

அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றனவாம். பெரிய குழாய் திறந்த பிறகும் சிலருக்கு நுண்குழாய்களில் ரத்தம் ஏறாதாம்.

எனக்குப் புரியாதது பெரியப்பாவுக்கு உடனே புரிந்தது. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் தலைஞாயிறு பக்கம் நிலம் வைத்திருப்பவர். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாலும், வாய்க்கால் கரையில் நாட்கணக்கில் காத்து நின்றவர்.

"கல்லணை தாண்டிவிட்டது, தம்பி. கடைமடைக்கு வர வேண்டாமா?" குழறலாகத்தான் சொன்னார்.

இப்போது திண்ணையில் முறத்திலிருந்து நெல்மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று எட்டு. இன்று பதினொன்று.

நான்காவது பொத்தான் இன்னும் திறந்தே கிடக்கிறது.