கிறிஸ்துமஸ் குக்கீ: நான்கு நாள் குறிப்பு, பெங்களூரு

டிசம்பர் 20, வெள்ளி

மாவு, வெட்டு, சுடல், ஐசிங் (மேலே பூசும் சர்க்கரைக் குழம்பு) எல்லாம் ஒரே நாளில் என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாங்காது. இருபது நிமிடத்தில் கவனம் ஓடிவிடும். அதனால் இன்று சாமான் மட்டும்.

உப்பு வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 75, மைதா 170, பால் ஒரு டேபிள்ஸ்பூன், வெனிலா அரை டீஸ்பூன். தனியாக உப்பு வேண்டாம். முட்டையும் பேக்கிங் பவுடரும் இல்லை. பவுடர் போட்டால் உப்பி, நட்சத்திரத்தின் முனை மழுங்கும். மைதாவைத் தராசில் நிறுங்கள். கப்பை அழுத்தி அள்ளினால் 20, 30 கிராம் கூடிவிடும். தராசு எண் ஏறுவதைப் பார்த்து நிறுத்தச் சொன்னால் பிள்ளைகளுக்கும் குஷி.

குக்கீ வெட்டும் அச்சு (கட்டர்) வாங்கும்போது மான் வடிவத்தை விட்டுவிடுங்கள், கால் ஒடியும். நட்சத்திரம், மணி போதும்.

டிசம்பர் 21, சனி

டிசம்பர் காலையில் இந்த ஊரில் வெண்ணெய் சீக்கிரம் இளகாது. அவசரப்பட்டு மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் உருகிவிடும். உருகிய வெண்ணெயில் செய்த குக்கீ தட்டில் பரவும். சிறு துண்டுகளாக நறுக்கி வெளியே வையுங்கள். விரல் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், பளபளக்கக் கூடாது.

வெண்ணெயும் சர்க்கரையும் இரண்டு நிமிடம் குழைத்தால் போதும். பிறகு பால், வெனிலா, சலித்த மைதா. இங்கேதான் நம் வீட்டுப் பிள்ளைகள் தவறுவார்கள்: சப்பாத்தி மாவு பார்த்து வளர்ந்த கை, அடித்துப் பிசையும். பிசையப் பிசைய மைதாவில் பசைத்தன்மை ஏறி, குக்கீ கடிக்க முடியாதபடி ஆகும். "பிசையாதே, சேர்த்துப் பிடி" என்று சொல்லுங்கள். கொழுக்கட்டை பிடிப்பது மாதிரி.

முட்டை இல்லையென்று பச்சை மாவை நக்க விடாதீர்கள். மைதாவும் வேகாத பொருள்தான், கிருமி இருக்கலாம்.

தட்டையாக்கி, மூடி, ஃப்ரிட்ஜில்.

டிசம்பர் 22, ஞாயிறு

மாவை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். உடனே தேய்த்தால் ஓரம் வெடிக்கும். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே மாவை வைத்து, அதன் இருபுறமும் ஒரே தடிமனுள்ள பென்சில்களை வைத்து, அவற்றின் மேல் பூரிக்கட்டையை ஓட்டினால் எல்லா இடமும் ஒரே கனம். அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும், அது சரி.

பிள்ளைகளின் கை சூடு. மாவைப் பாதிப் பாதியாக வெளியே எடுங்கள். வெட்டிய வடிவம் ஒட்டிக்கொண்டால் கத்தியால் நோண்டாமல், பேப்பரோடு ஐந்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள், தானே கழன்று வரும். மிச்சத் துண்டுகளை இரண்டு முறைக்கு மேல் சேர்த்துத் தேய்க்க வேண்டாம்.

ஓடிஜியை (சிறிய மின்சார ஓவன்) 170 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடு செய்து, நடுத்தட்டில் 12 முதல் 15 நிமிடம். பாதியில் தட்டைத் திருப்புங்கள்; ஓவனின் உட்பக்கம் இருக்கும் குக்கீகள் பெரும்பாலும் முதலில் சிவக்கும். பெரிய வடிவமும் சிறியதும் ஒரே தட்டில் வேண்டாம். ஓரம் லேசாகப் பொன்னிறமானால் எடுத்துவிடலாம். நடுப்பகுதி மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும். அது தெரியாமல் இன்னும் ஐந்து நிமிடம் விட்டுக் கெடுப்பவர்கள்தான் அதிகம். சூட்டுத் தட்டில் அடுத்த ஈடு வைக்காதீர்கள், வெந்நீர் கீசர் ஓடும்போது ஓடிஜியைப் போடவும் வேண்டாம். ஃபியூஸ் போய்விட்டால் அந்த ஈடு அவ்வளவுதான்.

50 கிராம் மைதாவுக்குப் பதில் ராகி மாவு சேர்க்கலாம். மணம் நன்றாக இருக்கும், ஆனால் எளிதில் உதிரும். அவற்றை வட்டமாகவே வெட்டுங்கள்.

டிசம்பர் 23, திங்கள்

ஐசிங் சர்க்கரை 150 கிராம், தண்ணீர் நான்கு டீஸ்பூன். பிறகு சொட்டுச் சொட்டாக. கரண்டியிலிருந்து விழும் கோடு பத்து எண்ணுவதற்குள் மறைந்தால் பதம். ஜெல் நிறம் பல்குச்சி நுனியளவு. குக்கீ துளி சூடாக இருந்தாலும் ஐசிங் வழியும், அதனால்தான் ஒரு நாள் இடைவெளி. அலங்காரத்துக்குத் தூவும் வெள்ளி நிற உருண்டைகள் கல் மாதிரி. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

மூடாமல் இரவு முழுக்கக் காயட்டும். எறும்பு வராமலிருக்க, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் கிண்ணம் கவிழ்த்து அதன்மேல் தட்டு. காய்ந்தபின் அடுக்குக்கு நடுவே பேப்பர் போட்டு டப்பாவில்.